இரவல் நடை

பெர்சிஸ் வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் பிசியோதெரபி நிலையம் நடத்தி வந்தாள். இரண்டு கட்டில்கள், பிடித்து நடக்க இரட்டைக் கம்பி, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. பக்கவாதம் வந்தவர்களும் பைக்கில் விழுந்து கால் ஒடிந்தவர்களும்தான் பெரும்பாலும் வருவார்கள்.

ஜூன் மாதம் ஒரு குமாஸ்தா வந்தார். நாற்பத்தாறு வயது. இடது முட்டி மடங்கவில்லை என்றார். நடக்கச் சொல்லிப் பார்த்தாள். இடது காலைக் கட்டை மாதிரி விறைப்பாக வைத்து, வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுச் சுற்றிக் கொண்டுவந்து ஊன்றினார். பெருவிரல் தரையில் உரசியது. டக், சரக். டக், சரக். ஆனால் கட்டிலில் படுக்க வைத்து அதே காலை அவள் மடக்கியபோது அது வாழைத்தண்டு மாதிரி லேசாக வந்தது. நரம்புப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தார். எதிலும் ஒரு கோளாறும் இல்லை.

"வலிக்கா சார்?"

"வலியே கிடையாதும்மா. ஆபீசுல கேலி பேசுதாங்கன்னு வீட்டுக்காரிதான் அனுப்புனா."

நாற்காலியில் உட்காரும் முன்பு அவர் ஒன்று செய்தார். குனிந்து, இடது முட்டியின் இரண்டு பக்கமும் இரண்டு விரல்களை வைத்து, அங்கே இல்லாத எதையோ மேலே தூக்கினார். அதன் பிறகுதான் முட்டி மடங்கியது. அது என்ன என்று பெர்சிஸ் கேட்டாள். "எது?" என்றார். அப்படிச் செய்ததே அவருக்குத் தெரியவில்லை.

ஜூலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு டியூஷன் டீச்சர், செங்கல் சூளை வைத்திருக்கும் ஒருவர். அதே இடது கால், அதே அரைவட்டம், முட்டியில் அதே இரண்டு விரல்கள். பெர்சிஸ் மருத்துவப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாள். கூடப் படித்தவர்களிடம் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்டில் வில்சன் என்பவன் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். குழந்தைக்கு இருபது மாதம். பெயர் பெனிஷா. தரையில் இறக்கிவிட்டதும் மூலையில் கிடந்த ரப்பர் பந்தைப் பார்த்து நடந்தது. இடது காலை விறைத்து, சுற்றிக் கொண்டுவந்து ஊன்றியது. பந்தின் பக்கத்தில் போய் நின்றது. உட்காருவதற்கு முன்னால் தன் குட்டி விரல்கள் இரண்டை முட்டியில் வைத்து எதையோ தூக்கியது.

பெர்சிஸ் குனிந்து குழந்தையின் முட்டியை மடக்கிப் பார்த்தாள்; லேசாக மடங்கியது.

"நடக்கப் படிச்சதே இப்படித்தான் மேடம்" என்றான் வில்சன். "அவ அம்மா இப்படி நடக்கா. அதைப் பாத்துப் படிச்சிட்டு. டாக்டருக்கிட்ட போவோம்னா அவ வரமாட்டேங்கா. பிள்ளையையும் கர்த்தர் தொட்டுட்டார்னு சந்தோசப்படுதா. அவளுக்குத் தெரியாமத்தான் தூக்கிட்டு வந்தேன்."

"அவங்க எங்க போறாங்க, ஜெபத்துக்கு?"

"ஆத்தங்கரை வீட்டுக்கு."

அந்த வீட்டைப் பெர்சிஸுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் ஜெய்சன் ஒன்றரை வருஷமாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தான்.

ஜெய்சன் அவளைவிட நான்கு வயது மூத்தவன். நெல்லையிலிருந்து களக்காட்டுக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். நல்ல குடிகாரனாக இருந்தான். அவன் மனைவி டார்லின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்ட நாட்கள் உண்டு. கூட வேலை பார்த்த கண்டக்டர் ஒருநாள் அவனை ஆற்றங்கரை வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பாக்கியநாதன் என்ற ஊழியக்காரர் ஜெபக்கூட்டம் நடத்தினார். மூன்றாவது வாரம் ஜெய்சனின் குடி நின்றது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை.

அப்போதே பெர்சிஸ் அந்தப் பாக்கியநாதனைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தாள். மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்களையும், பெரிய காரில் வந்து தலையில் கை வைக்கிறவர்களையும் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவர் அப்படி இல்லை. காணிக்கை வாங்குவதில்லை. சுவரொட்டி கிடையாது. சுகமாக்குகிறேன் என்று சொல்வதில்லை. கஞ்சி குடித்துப் பாயில் படுக்கிறார். பெண்கள் விஷயத்திலும் ஒரு சொல் கிடையாது. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் அவள் நிம்மதியாக விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஜெய்சன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒரு நிமிசம் எந்திரி. வாசல் கேட்டு வரைக்கும் போயிட்டு வா."

"எதுக்குட்டி?"

"போயிட்டு வாயேன்."

போனான். டக், சரக். திரும்பி வந்தான். முட்டியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிவிட்டு உட்கார்ந்தான்.

"மதினி, எப்ப இருந்து?"

"ஆறு மாசமா" என்றாள் டார்லின். "கேட்டா சிரிக்காவ. குடியை விட்டுட்டாவளே, காலு எப்படிப் போனா என்னன்னு நானும் விட்டுட்டேன், பெர்சி."

"கர்த்தரால் தொடப்பட்டவன் நேராக நடக்கமாட்டான்" என்றான் ஜெய்சன். அது அவன் குரலே இல்லை. பாதிச் சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்கிப் பேசுகிறவன் அவன். இப்போது ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, மெதுவாக எடுத்து வைத்தான்.

"கிளட்ச்சை எந்தக் கால்ல மிதிக்க?"

"மிதிபடுது" என்றான் அதே குரலில்.

எட்டாவது நாள் மிதிபடவில்லை. வண்ணார்பேட்டை சிக்னலில், கிளட்ச்சில் இருந்த கால் விறைத்து வழுக்கியது. பஸ் ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் நின்ற பழவண்டியை இடித்துச் சாய்த்தது. வண்டிக்காரர் குதித்துத் தப்பினார். பஸ்ஸுக்குள் ஒரு பெண்ணுக்கு முன்பல் இரண்டு போயிற்று. போலீஸ் ஸ்டேஷனுக்குப் பெர்சிஸ் ஓடிப்போனபோது ஜெய்சன் பெஞ்சில் உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டிருந்தான். அந்தப் புன்னகையைக் குமாஸ்தாவின் முகத்திலும் அவள் பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஆற்றங்கரை வீட்டுக்குப் போனாள்.

சீவலப்பேரி ரோட்டில் இறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பழைய பெரிய வீடு. பின்பக்கம் ஆற்றில் இறங்கும் படித்துறை. மத்தியானம் மூன்று மணி. வாசலில் ஐம்பது ஜோடி செருப்புகள் இருந்தன. எல்லாவற்றிலும் இடது செருப்பின் முனை தேய்ந்திருந்தது. புதுச் செருப்புகளில்கூட.

உள்ளே ஒருவரும் பேசவில்லை. பாட்டு இல்லை. வில்சனின் மனைவி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தையும் சத்தம் போடவில்லை. யாரோ உட்காரலாம் என்று கை காட்டினார்கள். ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, இரண்டு விரல்களை முட்டியில் வைத்துத் தூக்கி உட்கார்ந்தார்கள். துணிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

படித்துறைப் பக்கமிருந்து அந்த ஓசை வந்தது. டக், சரக். பாக்கியநாதன் குளித்துவிட்டு, நனைந்த வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கிக்கட்டி ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூட்டத்தில் பார்த்தால் நினைவில் நிற்காத முகம். பெர்சிஸ் முகத்தைப் பார்க்கவில்லை. கெண்டைக்காலைப் பார்த்தாள். இரண்டும் ஒரே பருமன். வருஷக்கணக்கில் விளங்காத கால் சூம்பித்தான் இருக்கும். இவருடையது வயலில் உழைத்த ஆளின் கால். ஒரு நோயும் அதைத் தொடவில்லை.

இவரும் யாரையோ பார்த்துத்தான் நடக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

அவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பத்து நிமிஷம் பேசினார். உடன்பிறந்தவனை மன்னிப்பதைப் பற்றிப் பேசினார். ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெர்சிஸின் தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல், வாடகை, நோயாளிகள், அண்ணன் என்று சுற்றும் அந்த இரைச்சல், நின்றுபோயிற்று. கண்ணில் நீர் வந்தது. இங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியை அனுபவித்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து அவள் முன்னால் நின்றார்.

"ஜெய்சனுடைய தங்கச்சியா? வாருங்கள்."

"ஐயா, உங்க காலுக்கு என்ன?"

ஐம்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. எல்லாம் ஒரே அளவு சாய்ந்திருந்தன.

"இது எனக்குக் கொடுக்கப்பட்டது."

"யாரு குடுத்தா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. திருவிழாவில் கைவிடப்பட்ட பிள்ளையின் முகம் மாதிரி அவர் முகம் மாறியது. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, வேறொரு குரலில் அவசரமாகச் சொன்னார். "களக்காட்டுல ஒரு அம்மா. சாரம்மாள்னு பேரு. வாழையிலை யாவாரம். என்னை ஏன் வெளிய போகச் சொன்னாவன்னு கேட்டுச் சொல்லுவியளா? பதினோரு வருசமாச்சு." பிறகு நிமிர்ந்தார். குரல் பழையபடி மென்மையாயிற்று. "சமாதானத்தோடே போங்கள்."

ஜெய்சன் அங்கேயே இருந்துவிட்டான். பெர்சிஸ் மட்டும் வாழைத் தோட்டத்துப் பாதையில் திரும்பி நடந்தாள். பாதி வழியில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. மறுபடி நடந்தாள். மறுபடி கேட்டது. அவளுடைய இடது செருப்புதான் உரசிக்கொண்டிருந்தது.

செருப்புகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். சுடுகிற தார் ரோட்டில், ஒவ்வொரு அடிக்கும் முட்டி மடங்குகிறதா என்று குனிந்து பார்த்தபடியே பஸ் நிறுத்தம் வரைக்கும் போனாள்.

மறுநாள் நிலையத்தைப் பூட்டிவிட்டுக் களக்காட்டுக்குப் பஸ் ஏறினாள். மலை அடிவாரம் மேகம் கவிந்து கிடந்தது. சாரம்மாளின் இலைக் கொட்டகையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பலகையில் உட்கார்ந்து கிழிந்த இலைகளைக் கத்தியால் வெட்டித் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது. கடுகடுத்த முகம்.

"பாக்கியநாதன் ஐயா விசயமா வந்தேன்" என்றாள் பெர்சிஸ்.

சாரம்மாள் கத்தியை நிறுத்தினாள். "அவன் எப்படி நடக்கான்?"

பெர்சிஸ் நான்கு அடி நடந்து காட்டினாள். அது அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

"போதும், நிறுத்து" என்றாள் சாரம்மாள். "அங்கன எத்தனை பேரு?"

"அம்பது பேருக்கிட்ட இருக்கும். ஒரு பச்சைப்பிள்ளை, இருபது மாசம்."

சாரம்மாள் தூணைப் பிடித்து எழுந்தாள். சேலைக்குக் கீழே இரும்பு தெரிந்தது. தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரண்டு கம்பிகள், தோல் வார்கள். போலியோ வந்தவர்கள் போடும் காலிப்பர். கால் நேரானதும் முட்டியின் இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள் சரிந்து விழுந்து 'ணிக்' என்று பூட்டிக்கொண்டன. உட்கார வேண்டுமானால் அவற்றை இரண்டு விரல்களால் மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் முட்டி மடங்கும். ஐம்பது பேரும், அந்தக் குழந்தையும், எதைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்று பெர்சிஸுக்கு விளங்கியது. பக்கத்தில் கிடந்த இலைக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் நல்லவன்" என்றாள் சாரம்மாள். "இப்பவும் சொல்லுதேன், நல்லவன். அப்ப இங்கன வியாழக்கிழமை காலையில ஜெபம் நடக்கும். பத்து பேரு வருவாவ. இவன் பொண்டாட்டி செத்து அழுதுக்கிட்டு வந்தான். பைய அழுகை நின்னுச்சு. கூடவே இருந்து இலை அறுத்தான். மூணாம் மாசம் ஒருநா, கட்டைத் தூக்கிட்டு அந்தா அங்கன போறான். என் காலு போவுது எம்மா. அன்னைக்கே போகச் சொல்லிட்டேன். ஜெபத்தையும் நிறுத்திட்டேன்."

"ஏன்னு அவர்ட்ட சொல்லலையா?"

"சொல்லல. காரணத்தைச் சொன்னா அதையும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான்னு பயந்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்." கத்தியை எடுத்துக் கூரையில் செருகினாள். "என்னைக்குக் கூடுதாவ?"

"புதன், ஞாயிறு."

"புதன் வாரேன். இந்தா, இந்த முனையைப் பிடி." கட்டி முடிக்காத இலைக்கட்டை அவளிடம் நீட்டினாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சாரம்மாள் ஆற்றங்கரை வீட்டுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெர்சிஸும் டார்லினும் வாசலில் காத்திருந்தார்கள். சாரம்மாள் யாரையும் கையைப் பிடிக்க விடவில்லை. தானே படியேறிக் கூடத்துக்குள் நடந்தாள். டக், சரக். கூடவே இரும்பின் ஓசை.

உள்ளே இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த நடை தெரிந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். குமாஸ்தா தேம்பி அழுதார். டியூஷன் டீச்சர் ஓடிவந்து அந்த இரும்புப் பூட்ஸில் நெற்றியை வைத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கூடத்தின் கோடியில் பாக்கியநாதன் சுவரோடு ஒட்டி நின்றார்.

"தொடாதீங்க! ஏ, யாரும் தொடாதீங்க!" சாரம்மாளின் குரல் கீச்சிட்டது. பின்னால் நகர இடம் இல்லை. தடாலென்று தரையில் உட்கார்ந்தாள். வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். காலிப்பரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுச் சேலையை முட்டிவரை தூக்கினாள். முருங்கைக்குச்சி மாதிரி ஒரு கால் தெரிந்தது.

"பாத்துக்கிடுங்க. இது போலியோ. ஒண்ணேகால் வயசுல காய்ச்சல் வந்துச்சு. எங்க ஊருக்கு அப்ப சொட்டு மருந்து வரல. கர்த்தரும் தொடல, ஒருத்தரும் தொடல. நல்ல காலு ஒண்ணு குடுத்தா இந்த நிமிசமே வாங்கிக்கிடுவேன். இதையா நீங்க தூக்கிக்கிட்டுத் திரியுதிய?"

ஆற்றுத் தண்ணீர் படிக்கல்லில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். தன் இடது தொடையில் கையை வைத்து, அங்கே இல்லாத ஒரு வாரை அவிழ்த்தாள். அதற்குக் கீழே இன்னொன்றை அவிழ்த்தாள். இல்லாத இரும்பைக் காலிலிருந்து கழற்றி, பத்திரமாகப் பக்கத்தில் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் எல்லோரும். கூடம் முழுக்க விரல்கள் வெறுங்காலில் வார்களை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

சாரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாக்கியம்" என்று கூப்பிட்டாள் கடைசியில். "ஏன் போகச் சொன்னேன்னு கேட்டியாம். இதுக்குத்தான்டா. ஆண்டவரைப் பாருன்னு சொன்னேன், நீ என் காலைப் பாத்துக்கிட்டு இருந்த. அன்னைக்கே சொல்லாதது என் குத்தம். இப்ப நீ இவங்கள வீட்டுக்கு அனுப்பு. நான் சொன்னா கேக்கமாட்டாவ."

பாக்கியநாதன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவர் கண்கள் அவளுடைய சூம்பின காலிலேயே இருந்தன.

இனி இவர்கள் முன்னால் ஒரு அடிகூட நடக்கமாட்டேன் என்று சாரம்மாள் சொல்லிவிட்டாள். பெர்சிஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவளை அதில் உட்கார வைத்தாள். நாற்காலியைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். "அண்ணே, பிடி!" என்று கத்தினாள். ஜெய்சன் ஓர் எட்டு வந்து குனிந்தான். கட்டையாக நின்ற காலோடு பாரம் தூக்க முடியாது. இரண்டு தடவை முயன்றான். மூன்றாவது தடவை அவன் இடது முட்டி தானாக மடங்கியது. டார்லின் 'ஆண்டவரே' என்று அலறிவிட்டாள். படியிறங்கி ஆட்டோ வரைக்கும் அவன் அந்தக் காலை மடக்கித்தான் நடந்தான். ஆட்டோ கிளம்பும்போது சாரம்மாள் பெர்சிஸிடம், "நீ இனிமே களக்காட்டுப் பக்கம் வராதே எம்மா" என்றாள்.

ஜெய்சனுக்குக் குணமாக இரண்டு மாதம் பிடித்தது. கால் விறைப்பு சீக்கிரம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "முன்ன நான் எப்படிட்டி நடப்பேன்?" என்று கேட்டான். அவன் கேலி செய்கிறான் என்று நினைத்துப் பெர்சிஸ் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. டார்லின் கல்யாண வீடியோவை போனில் போட்டுக் காட்டினாள். கோட்டு போட்ட ஒல்லியான ஒருவன், கையை அகலமாக வீசிக்கொண்டு, யாரையோ பிடிக்கப் போகிற மாதிரி வேகமாக நடந்து வந்தான். ஜெய்சன் அதை அன்னிய ஆளைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தான். செப்டம்பரில் ஒரு நாள் குடித்தான். மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமல் தானே பயிற்சிக்கு வந்தான். பேச்சில் மறுபடி பாதிச் சொற்களை விழுங்க ஆரம்பித்தான்.

ஆற்றங்கரை வீட்டை விட்டுப் பாக்கியநாதன் போய்விட்டார் என்று வில்சன் போனில் சொன்னான். அவர் இல்லாமலும் கூட்டம் நடக்கிறதாம். முன்னால் ஒரு காலி நாற்காலி. எல்லோரும் வந்து, உட்கார்ந்து, எழுந்து போகிறார்களாம். அவன் மனைவியும் போகிறாள். குழந்தையை மட்டும் தன் அக்காள் வீட்டில், நாலு பிள்ளைகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டிருந்தான்.

நவம்பரில் ஒரு மழை நாளில், மத்தியான நேரம், பாக்கியநாதன் நிலையத்துக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. டக், சரக் என்று உள்ளே வந்து நின்றார்.

"எனக்கு நடக்கச் சொல்லிக் குடுங்க. எம் நடை எனக்கு நெனவு இல்ல."

அந்தக் காலைத் தொடவே பெர்சிஸுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தொட்டாள். இளஞ்சூடான, சாதாரண மனுஷனின் கால். "உங்களை முன்னாடி தெரிஞ்சவங்க யாராவது உண்டா?" என்று கேட்டாள். திசையன்விளையில் ஒரு தங்கை இருப்பதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். பெர்சிஸ் போன் போட்டாள். அந்த அம்மாள் முதலில் ஒரு பாட்டம் அழுதாள். பிறகு, "அவனா? கோழி மாதிரி தலையை ஆட்டிக்கிட்டு நடப்பான். எங்கப்பா அதுக்கே திட்டுவாவ" என்றாள்.

மூன்று வாரம் வந்தார். முட்டியை மடக்கு மடக்கு என்று மடக்கியதில் இரண்டு முட்டியும் அளவுக்கு மீறி மடங்கின. முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர் மாதிரி ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி வைத்தார். பரவாயில்லை, போகப்போகச் சரியாகும் என்று பெர்சிஸ் நினைத்தாள்.

அன்று அவர் கண்ணாடி முன்னால் நடந்துகொண்டிருந்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பத்து. டக், சரக். படி முழுவதும் அந்தச் சத்தம் நிறைந்தது. எப்படியோ அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"கதவைச் சாத்துங்க" என்றார் பாக்கியநாதன். முகம் வெளுத்துவிட்டது. "அவங்க என்னைப் பாக்கக் கூடாது. சாத்துங்கம்மா."

பெர்சிஸ் கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அதற்குள் அவர் என்ன நினைத்தாரோ, அவளை விலக்கிக்கொண்டு தானே வெளியே போனார். இரண்டு காலையும் உயரத் தூக்கி வைத்து, தடுமாறி, படியின் உச்சியில் போய் நின்றார். முப்பது முகங்கள் கீழேயிருந்து அவரைப் பார்த்தன.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். இந்தத் தடவை சத்தம் வந்தது. திசையன்விளைக் குரல், கரகரப்பான குரல். "எங்கிட்ட ஒண்ணும் கிடையாது. எனக்கு நடக்கவே தெரியல. இப்பத்தான் படிக்கேன். இனிமே என்னைத் தேடி வராதீங்க. உங்க பிள்ளைகுட்டியப் போய்ப் பாருங்க."

ஒருவரும் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. தலையசைத்தார்கள். அமைதியாகத் திரும்பி இறங்கினார்கள். பெர்சிஸ் நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள்.

பிறகு பார்த்தாள். இறங்கிப் போய்த் தெருவில் நடந்தவர்கள் ஒருவரும் இடது காலை இழுக்கவில்லை. இரண்டு முட்டியையும் உயர உயரத் தூக்கி, முழங்கால் தண்ணீரில் போகிற மாதிரி, மழை ஈரத்தில் வரிசையாகப் போனார்கள்.

பாக்கியநாதனும் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தெரு காலியாகும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. மறுநாள் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது திசையன்விளையிலிருந்து அந்தத் தங்கை கூப்பிட்டாள். அண்ணன் தன்னிடம் வந்துவிட்டான் என்றாள். முருங்கைத் தோட்டத்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறானாம். ஜெபத்துக்கு யாராவது கூப்பிட்டால் கும்பிட்டு அனுப்பிவிடுகிறானாம். சாப்பாடு நன்றாகச் சாப்பிடுகிறானாம்.

"இப்ப எப்படி நடக்காவ?" என்று பெர்சிஸ் கேட்டாள்.



"எனக்கு எப்படித் தெரியும்? ஆளு பாத்துக்கிட்டு இருந்தா அவன் இருந்த இடத்தைவிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கானே" என்றாள் அவள்.